கீழே நிற்பவன்

என் மனைவிக்கு வேலை மரத்தின் மேலே, எனக்கு மரத்தின் கீழே. இருபத்து நான்கு வருடமாகக் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. அவள் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறுவாள், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன். எங்கள் பக்கத்தில் அவளை மரக்காரம்மா என்பார்கள். என்னை மரக்காரம்மா வீட்டுக்காரர் என்பார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தியது. இப்போது பல் ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால்கூட அதுதான் முதலில் வாயில் வருகிறது.

மரத்தை வெட்டிச் சாய்க்கக் கோடாரியும் கோபமும் இருந்தால் போதும். அவள் செய்வது வேறு. பட்டுப்போன கிளையை எடுப்பாள். கூரைமேல் சாய்கிற கிளையின் பாரத்தைக் குறைப்பாள். காற்றில் பிளக்கப் பார்க்கும் கவட்டையைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டுவாள். எதைச் செய்தாலும் கடைசியில் மரம் நின்றுகொண்டிருக்க வேண்டும். யாராவது "மர டாக்டர்" என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

"டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாரு. நான் தப்பா வெட்டினா அந்த மரம் ஆயுசு பூரா அதைச் சுமக்கணும்" என்பாள்.

கிளை அடிமரத்தோடு சேருகிற இடத்தில் லேசாகப் புடைத்த ஒரு வளையம் இருக்கும், சட்டைக் காலர் மாதிரி. அதற்கு வெளியே வெட்டினால் புண் தானாக மூடிக்கொள்ளும். அதையும் சேர்த்து ஒட்ட வெட்டினால் பார்க்க வழவழவென்று அழகாக இருக்கும், ஆனால் புண் மூடாது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் உள்ளே பொந்தாகியிருக்கும். ரம்பத்தை வைப்பதற்கு முன்னால் அவள் அந்த வளையத்தை விரலால் தடவிக் கண்டுபிடிப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று கழுத்தில் கை வைத்துப் பார்க்கிற நிதானம் அதில் இருக்கும். அவசரப்படுத்தினால் எனக்குத்தான் திட்டு விழும்.

எங்களைக் கூப்பிடுகிறவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் ரத்தக் கொதிப்பு ஏறும். "இலை விழுந்துக்கிட்டே இருக்கு, ஒரே குப்பை, எடுத்துடுங்க" என்பார்கள். மரத்திலிருந்து இலை விழாமல் வேறு என்ன விழும், வைரமா? அவள் சண்டை போடமாட்டாள். மரத்தை மூன்று தடவை சுற்றி வருவாள், மரச்சுத்தியலால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். பிறகு, "மரம் நல்லா இருக்கு. ஒரு துடைப்பம் வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவாள். அரை நாள் வீணாய்ப் போனதே என்று நான் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வருவேன்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே தம்பியால்தான். நகராட்சிப் பூங்காத் துறையில் மரம் ஏற ஆள் எடுத்தார்கள். உயரமான மரத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, ஏறிக் காட்டச் சொன்னார்கள். தம்பிக்குத் துணையாக இவள் போயிருந்தாள். அவன் பாதி தூரம் ஏறி, கீழே பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். இறக்குவதற்கு ஏணி கொண்டுவரச் சொல்லி அதிகாரிகள் கத்திக்கொண்டிருந்தபோது, இவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறிப்போய், அவன் காதில் ஏதோ சொல்லிப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்தாள். என்ன சொன்னாள் என்பதை என் மைத்துனன் இன்றுவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. வேலை அவளுக்குக் கிடைத்தது. அப்போது அவளுக்கு இருபது வயது. வெட்டிய கிளைகளை அள்ளிப் போகும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். கிளை அள்ளப் போன இடத்தில் பெண்ணையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான் என்று என் அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். யார் யாரை அள்ளினார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். ஐந்து வருடம் கழித்து இரண்டு பேருமே வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழிலை ஆரம்பித்தோம்.

வேலை நாளில் முதல் காரியம் தார்ப்பாயை விரித்துச் சாமான்களைப் பரப்புவது. ஏறுகயிறு, வெட்டிய கிளையைக் கட்டி இறக்கும் தடிக்கயிறு, நுனியில் சின்ன மணல் பை கட்டிய எறிகயிறு, இரண்டு கைரம்பம், ஒரு மோட்டார் ரம்பம், மரச்சுத்தியல், ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இடுப்புப் பட்டை. அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். பட்டையின் இரண்டு பக்கத்திலும் இடுப்பெலும்புக்கு நேராக ஒவ்வொரு இரும்பு வளையம் இருக்கும். வலது வளையத்திலிருந்து ஒரு குட்டைக் கயிறு கிளம்பி, அடிமரத்தைச் சுற்றி வந்து, அதன் கொக்கி இடது வளையத்தில் மாட்டும். மாட்டிவிட்டால் பின்னால் சாய்ந்து இரண்டு கையையும் விட்டுவிட்டு வேலை செய்யலாம். அந்த இரும்பு வளையத்துக்கு நான்கு விரல் பின்னால் இன்னொரு வளையம் இருக்கும். அது பிளாஸ்டிக். கைரம்பத்தைத் தொங்கவிடுவதற்கு. ரம்பத்தின் எடையைத் தாங்கும், ஆளின் எடையைத் தாங்காது.

காலையில் அவள் பட்டையைக் கட்டியதும் நான் ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பேன். ஆனால் மேலே போனபிறகு, கிளைக்குக் கிளை தாண்டும்போது, குட்டைக் கயிற்றை அவள் நாற்பது தடவையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அதை நான் தொட முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான் முடியும்.

தரையில் இருக்கும்வரை நான் 'என்னங்க'. அவள் கால் மண்ணை விட்டதும் அந்த மரியாதை என்னோடு கீழேயே நின்றுவிடும். "விடு! இழு! நில்லு! அங்க என்ன வேடிக்கை?" என்று மேலிருந்து அதட்டல் வரும். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும், "என்னங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்பாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். எனக்குப் பழகிவிட்டது, உண்மையில் பிடித்தும்விட்டது.

போன வருடம் அவளுக்கு நாற்பத்தெட்டு முடிந்தது. மோட்டார் ரம்பத்தின் சங்கிலியில் இருக்கும் பற்களை உருண்டை அரத்தால் ஒவ்வொன்றாக ராவிக் கூராக்குவது அவள் வேலை. என்னைத் தொடவிட்டதில்லை. திடீரென்று ஒருநாள், "நீங்களே ராவுங்க. உங்க கை நல்லா ஓடுது" என்றாள். பாராட்டு என்று நம்பி ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்புறம் சட்டைப் பொத்தான்கள் விழுந்தது விழுந்தபடியே கிடந்தன, ஊசியில் நூல் கோர்க்க ஆளில்லை. போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பும் செய்தி மூன்று வார்த்தைக்கு மேல் திரையில் கொள்ளவில்லை. மாத்திரை அட்டையைக் கை எட்டும் தூரம்வரை நீட்டிப் பிடித்து, கையின் நீளமும் போதாமல், "இந்த வீட்டுல வெளிச்சமே பத்தல" என்றாள். அப்போது பகல் பன்னிரண்டு மணி.

வெள்ளெழுத்து. ஊரில் எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு நாற்பத்திரண்டிலேயே வந்தது. நான் கண்ணாடி போட்டபோது ஒரு மாதம் "வாங்க தாத்தா, போங்க தாத்தா" என்று கேலி செய்தவள் இவள்தான். அந்தக் கேலியை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள அவளை ரோஷம் விடவில்லை. தூரத்தில் இருப்பதெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரியும். தெருக்கோடி மரத்தின் உச்சியில் ஒரு குச்சி பட்டுப்போயிருப்பதை வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்வாள். தன் இடுப்பில் இருக்கிற கொக்கிதான் கலங்கலாகத் தெரிந்தது. அதனால் விரலால் தடவித் தடவி மாட்டினாள். எப்போதுமே எதையும் தடவிப் பார்க்கிறவள் என்பதால் வேறு யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பயம். அவளுடைய கோபத்துக்குப் பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. சொல்லிவிட்டால் அவள் ஏறுவதை நிறுத்திவிடுவாளோ என்பதுதான் மீதி. அண்ணாந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவில் அவள் இருக்க வேண்டும். அந்த வாழ்க்கைதான் எனக்குத் தெரியும். அவள் இறங்கி என் பக்கத்தில் நின்றுவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் எதைப் பார்த்துக்கொண்டு நிற்பது? இந்தச் சுயநலத்தை வைத்துக்கொண்டு ஏழெட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

அச்சகம் ஒன்றின் பின்புறம் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் தடித்த கிளை ஒன்று தகரக் கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கிடந்தது. உள்ளே இயந்திரம் ஓடினால் கூரை அதிரும், கிளை உரசும், பல் கூசுகிற மாதிரி சத்தம் வரும். எங்களைக் கூப்பிட்ட அச்சகக்காரர் காதில் பஞ்சு வைத்திருந்தார். எங்களுக்காக இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பின்வாசல் படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முப்பது அடி ஏறிவிட்டாள். கிளையின் வெளிப்பக்கம் போக வேண்டுமானால் ஏறுகயிறு இன்னும் உயரமான கவட்டையில் விழ வேண்டும். அதற்காக அதைத் தன்னிடமிருந்து கழற்றினாள். இப்படி மாற்றுகிற இரண்டு நிமிடம் மட்டும் ஆளைத் தாங்குவது குட்டைக் கயிறு ஒன்றுதான். அதைச் சுற்றி மாட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, கையை வீசி எறிய வேண்டும். இடது கையால் மரத்தை அணைத்தபடி வலது கையில் மணல் பையைச் சுருட்டி எடுத்தாள். நான் வழக்கம்போல் இடுப்பைப் பார்த்தேன். கைரம்பம் நேராகத் தொங்காமல் குறுக்கே தூக்கிக்கொண்டு நின்றது. குட்டைக் கயிறு இழுக்கிற இழுப்பில் ரம்பம் தூக்குகிறதென்றால் கொக்கி எங்கே இருக்கிறது? பிளாஸ்டிக் வளையத்தில்.

கத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள், திரும்பினால் சாய்வாள், சாய்ந்தால் முடிந்தது. டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னேன்.

"மரத்தை அப்படியே கட்டிக்கோ."

"ஏன்?"

"கட்டிக்கோயேன்."

"எறியற நேரத்துல என்ன விளையாட்டு? ஏன்னு கேக்கறேன்ல?"

"சொல்றேன். முதல்ல பையைக் கீழ போடு. ரெண்டு கையாலயும் கட்டிக்கோ."

"அதான் ஏன்னு..."

"சாயாதே!" என் குரல் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மணல் பை என் காலடியில் தொப்பென்று விழுந்தது. இரண்டு கையாலும் மரத்தை அணைத்துக்கொண்டாள்.

"இடது கொக்கியைத் தொட்டுப் பாரு. ரம்பத்து வளையத்துல மாட்டியிருக்கு."

ஒரு கை மெதுவாக இறங்கி இடுப்பைத் தடவியது. விரல்கள் வளையத்தைத் தேடின, கொக்கியைத் தேடின. மாற்றி மாட்டிய சத்தம் கீழே வரை கேட்டது. பிறகு ஏறுகயிற்றை மறுபடி பூட்டிக்கொண்டு, எந்தக் கிளையையும் தொடாமல் இறங்கி வந்தாள்.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். 'என்னங்க' வரவில்லை.

"நீ ஆச்சரியப்படவே இல்ல" என்றாள்.

"என்ன?"

"இத்தனை வருஷத்துல எனக்குக் கொக்கி மாறினதே கிடையாது. பாக்கறவனுக்கு ஐயோன்னு ஆகியிருக்கணும். நீ எதிர்பாத்துக்கிட்டு நின்ன மாதிரி நின்ன. எத்தனை நாளாத் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு வினாடி யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"ஏழெட்டு மாசமா."

சொன்ன வாய் மூடுவதற்குள் நானே உளறினேன். "நீயும்தானே மறைச்ச?"

"நான் மறைச்சாலும் என் உயிர்தான். நீ மறைச்சாலும் என் உயிர்தான். ரெண்டும் ஒண்ணா?"

அச்சகக்காரர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

"கீழ ஒரு ஆள் பாத்துக்கிட்டிருக்கான்னுதானே நான் மேல பாத்துக்கிட்டு ஏறறேன்?" என்றாள். "நீ கண்டும் காணாம நிக்கறதுக்கு, ஒரு கம்பத்தை நட்டுக் கயிறை அதுல கட்டிக்கலாம். கம்பம் சோறு கேக்காது. நாளையிலிருந்து நீ வண்டி மட்டும் ஓட்டு. கீழ நிக்க நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள் பத்து நாளுக்கு மேல் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் வீடு இரண்டே அறை. ஒரு அறையில் பாதி கயிறும் ரம்பமும் அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருப்பது சர்க்கஸ் வேலை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மகளுக்குப் போன் போட்டாள். "அப்பாகிட்ட சொல்லு, கயிறெல்லாம் வெயில்ல காயுது, எடுத்து வைக்கணும்னு." நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். "அம்மா, அவர் பக்கத்துலதானே இருக்காரு?" என்று மகள் கத்துவது எனக்கே கேட்கும். பிறகு மகள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, கயிறை எடுத்து வைப்பீங்களாம்" என்பாள். விஷயம் என்ன என்று தெரிந்ததும் அவளும் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அம்மாவுக்குத் தப்பாத மகள்.

கீழே நிற்பதற்கு எங்கள் பழைய பூங்காத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற மேஸ்திரி வந்தார். நல்ல மனிதர். எதையும் மறைக்கமாட்டார், அதுதான் அவரிடம் தொந்தரவு. "அம்மா, ஷூ நாடா லூசா இருக்கு. அம்மா, வலது பக்கம் எறும்பு வருது. அம்மா, கிழக்கால மேகம் வச்சிருக்கு" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருப்பார். அவளுக்கு எரிச்சல் வரும் என்று நான் வண்டிக்குள் உட்கார்ந்து ஆசையோடு காத்திருந்தேன். வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேஸ்திரி" என்று மேலிருந்து பதில் சொன்னாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொறாமையில் வெந்தேன். அவர் நின்ற இடம் என் இடம்.

அந்த வாரக் கடைசியில் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எங்கே என்று சொல்லாமல், "நேராப் போகணும், சிக்னல்ல இடது" என்று வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். வழி முடிந்த இடம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. உள்ளே கண்ணைப் பரிசோதித்த பெண், வழக்கமாக எல்லோரும் புத்தகம் பிடிக்கிற தூரத்தில் எழுத்து அட்டையை நீட்டினாள். என் மனைவி தலையாட்டினாள்.

"நான் புத்தகம் படிக்கறதுக்கு வரலம்மா. இங்கிருந்து இங்க வரைக்கும் தெரியணும்" என்று கண்ணில் ஒரு விரலும் இடுப்பில் ஒரு விரலும் வைத்துக் காட்டினாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒரு டேப்பை எடுத்து வந்து கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவே அளந்து எழுதிக்கொண்டாள். அவளை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நான்கு நாளில் கண்ணாடி தயாரானது, ஹெல்மெட்டுக்குள் நழுவாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு பட்டையும் வைத்து. கடையிலேயே மாட்டிக்கொண்டு முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பி நகங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு ஓரடி முன்னால் வந்து என்னைப் பார்த்தாள்.

"எப்போ இவ்வளவு வயசாச்சு உங்களுக்கு?" என்றாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடையில் கண்ணைத் துடைத்துக்கொள்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது நல்லதாய்ப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாயை விரித்து எல்லாச் சாமானையும் எடுத்துப் போட்டுக் கயிற்றின் ஒவ்வொரு முழத்தையும் பார்த்தாள். இழை விட்டிருந்த இரண்டு கயிற்றை வெட்டி எறிந்தாள். நான் ராவிய சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவா நல்லா ஓடற கை?" என்று மறுபடி தானே ராவ உட்கார்ந்தாள். பேச்சு வந்துவிட்டது, கேலியும் வந்துவிட்டது. கயிறு மட்டும் என் கைக்குத் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு மாதம் மேஸ்திரி கீழே நின்றார், நான் வண்டியில் இருந்தேன்.

அப்புறம் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் வெயில் வந்ததும் ஒரு குடியிருப்புத் தெருவிலிருந்து கூப்பிட்டார்கள். மின்கம்பிக்கு மேலே சாய்ந்த ஒரு பெரிய மரம். தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். மின்வாரிய ஆள் எட்டு மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு வரைதான் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பால்கனிக்குப் பால்கனி ஆட்கள், விசிறிக்கொண்டு. "சீக்கிரம் முடிங்கம்மா, வீட்டுல உக்கார முடியல" என்று யாரோ மேலிருந்து குரல் கொடுத்தார்கள்.

அவள் மரத்தைச் சுற்றி வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். எனக்கும் கேட்டது, உள்ளே கெட்டியான சத்தம்தான். "மரம் திடமா இருக்கு" என்றாள். பட்டையைக் கட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். மேஸ்திரி ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டுச் சொல்லி முடித்தார்.

வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல் தேடி நான் மரத்தின் பின்பக்கம், மதில் ஓரமாகப் போனேன். இருபத்து நான்கு வருடம் மரத்தடியில் நின்றவனுக்குத் தரையைப் பார்க்காமல் நடக்கத் தெரியாது. வேரை ஒட்டி, காய்ந்த இலைக்கு அடியில், ஈர மண்ணில் வளைவாக ஒரு வெடிப்பு. சுண்டுவிரல் அகலம் இருக்கும். மழைத் தண்ணீர் அரித்ததாக இருக்கலாம். குனிந்து இலையைத் தள்ளிவிட்டு விரலை உள்ளே விட்டேன். காற்று ஒரு வீச்சு வீசியது. வெடிப்பு அகன்றது. காற்று நின்றதும் என் விரலை லேசாக நெரித்தது. மரம் திடமாகத்தான் இருந்தது. வேர்தான் மண்ணை விட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து முன்பக்கம் நடந்தேன். பத்து எட்டு இருக்கும். அந்தப் பத்து எட்டில் எனக்குள் என்னென்னவோ ஓடியது. அவள் பார்த்துவிட்டாள், திடம் என்று சொல்லிவிட்டாள். இத்தனை பேர் முன்னால் அவளுடைய வார்த்தையை நான் மறுப்பதா? வெறும் அரிப்பாக இருந்து, நான் முட்டாளானால்? நான் இப்போது வண்டி ஓட்டுகிறவன்தானே, என்னை யார் கேட்டார்கள்? தெரிந்தும் வாயைத் திறக்காத பழைய வியாதி மெதுவாகத் திரும்பி வந்தது.

அவள் ஏறுகயிற்றைப் பூட்டி, ஒரு காலை மரத்தில் வைத்திருந்தாள். மேஸ்திரி கயிற்றோடு தயாராக நின்றார். நான் வருவதை, என் கைவிரலில் இருந்த சேற்றை, என் முகத்தை அவள் பார்த்தாள். மேஸ்திரியைத் தாண்டி என்னிடம் கேட்டாள்.

"என்னங்க, ஏறலாமா?"

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. மின்வாரிய ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். பால்கனிகள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வேண்டாம்" என்றேன்.

மரத்திலிருந்து காலை எடுத்தாள். ஏறுகயிற்றைக் கழற்றினாள். குட்டைக் கயிற்றைக் கழற்றினாள். பட்டையை அவிழ்த்து, இடுப்பிலிருந்து இறக்கி, என் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான், "ஏன்?" என்று கேட்டாள்.